பித்தளையின் விலை

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு ஒரு காலத்தில் தெருத்தெருவாக வந்த வியாபாரிகளின் வாரிசுகள், இன்று மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு வருகிறார்கள். பேரீச்சம்பழத்தின் ஸ்தானத்தில் ரொக்கம் வந்துவிட்டதே தவிர, தொழிலின் சுபாவம் மாறவில்லை. உடைந்த குழாய், ஓட்டை அண்டா, கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பி, வண்டிப் பட்டா என்று கலந்து கிடப்பதையெல்லாம் கையால் தடவிப் பார்த்தும், தரையில் தட்டி ஓசை கேட்டும், காந்தம் வைத்துச் சோதித்தும் வகை பிரித்து, வகைக்கு ஒரு விலை வைத்துச் சாக்கில் கட்டுகிற அந்த வித்தையை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தக் குவியலில் என்றாவது ஒரு நாள் சுடப்படாத தோட்டாவோ, வெடிக்காத பீரங்கிக் குண்டோ கலந்துவிடுமானால், உயிருள்ளதை உயிரற்றதிலிருந்து பிரித்தறியும் பொறுப்பு நம் தேசத்தில் யார் தலைமேல் விழுகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்ததும் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுமான மானாமதி கிராமத்தில், கங்கையம்மன் கோயில் குளத்தருகே கிடைத்த ஒரு பொருளை இன்னதென்று அறியாத இளைஞர்கள் சிலர் எடுத்துத் திறந்து பார்க்க முயன்றபோது, அது வெடித்து இருவர் பிராணனை இழந்தார்கள். வேறு சிலர் காயமுற்றார்கள். அது ராணுவ உபயோகத்துக்குரிய வெடிபொருளாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தவுடன், எல்லோருடைய பார்வையும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் மலையும் காடுமாகக் கிடக்கும் அனுமந்தபுரத்தின் மேல் சென்றது. துப்பாக்கி சுடும் பயிற்சிக்கென்று அரசாங்கப் படைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் மைதானம் அங்கே இருக்கிறது. பயிற்சி மைதானம் எங்கே இருந்தாலும், அதன் ஓரத்தில் ஏழை ஜனங்கள் வாழ்ந்தால், மண்ணில் புதைந்த ஈயத்தையும் சிதறிய பித்தளையையும் பொறுக்கி விற்பது அவர்களுடைய ஜீவனத்தில் ஒரு பகுதியாகிவிடுவது உலகமெங்கும் காண்கிற சங்கதி.

பொறுக்குகிறவர் கையில் வருவது என்ன என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, கூட்டின் அடிவட்டத்தில் பதிந்திருக்கும் சிறு கேப், உள்ளே மருந்து, முனையில் ஈயத்தின்மேல் செம்புக் கலவை போர்த்திய குண்டு. ராணுவம் நெடுங்காலம் உபயோகித்த 7.62 மில்லிமீட்டர் ரைஃபிளின் தோட்டா ஒன்று ஏறத்தாழ 24 கிராம் எடையுள்ளது; அதில் பாதியளவு பித்தளை. சுட்டபின் விழுகிற வெறுங்கூட்டின் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் தெரியும், முனையில் குண்டு இராது. அது வெறும் உலோகம். கேப்பில் பள்ளமே இல்லாமல் குண்டும் இருந்தால் அது முழுத் தோட்டா என்பது குழந்தைக்கும் விளங்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு. கேப்பில் பள்ளம் விழுந்திருக்கும், ஆனால் முனையில் குண்டு அப்படியே இருக்கும். ஊசி குத்தியும் வெடிக்காமல் போன தோட்டா அது. ‘இதுதான் சுட்டதாயிற்றே’ என்று பள்ளத்தை மட்டும் பார்த்துச் சாக்கில் போடுகிறவன் ஏமாந்துபோவான். நான்காவது இன்னும் வஞ்சகமானது: குண்டே இல்லாமல், பயிற்சியில் ஓசை எழுப்புவதற்கென்றே செய்யப்படும் தோட்டா. முனை மடித்து மூடியிருப்பதால், நசுங்கிய காலிக் கூடு என்று தோன்றும்; உள்ளே மருந்து நிறைந்திருக்கும்.

இத்தனையும் புதிதாக, பளபளப்பாக இருக்கும்போது காண்கிற வித்தியாசங்கள். மண்ணிலும் மழையிலும் பல வருஷம் கிடந்து பச்சைக் களிம்பு ஏறிவிட்டால், கூட்டின் அடியில் பொறித்த தொழிற்சாலையின் எழுத்தும் ஆண்டும் தேய்ந்துபோகின்றன. தீக்குண்டையும் ஒளிக்குண்டையும் சாதாரணக் குண்டிலிருந்து பிரித்துக் காட்டும் முனைச் சாயம் உதிர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மருந்தும் சும்மா இருப்பதில்லை. நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய தொழிற்சாலை எதைச் செய்வதற்காக எழுந்ததோ அந்தக் கார்டைட் என்னும் மருந்து, பழைய 303 தோட்டாக்களுக்குள் சேமியா இழைபோல் அடுக்கியிருக்கும். அந்த இனத்து மருந்துகளெல்லாம் காலப்போக்கில் தாமே சிதைந்து உஷ்ணத்தை உண்டாக்கும் தன்மையுடையவை. ஆகையால்தான் பழுதான மருந்தைக் குவித்துப் பூட்டிவைத்துவிட்டு மறந்துவிடலாகாது. துப்பாக்கித் தோட்டாவின் கதையே இப்படியென்றால், பறந்துபோய் விழுந்தும் வெடிக்காத பீரங்கிக் குண்டின் கதையைச் சொல்லவேண்டியதில்லை. அதன் திரி பாதி வேலையைச் செய்துவிட்டு நின்றிருக்கும். மீதியைச் செய்ய ஒரு தட்டு போதும்.

நம் மாகாணத்தில் பெருந்தொகையாகக் கலப்பு வெடிபொருள் வெளிப்பட்ட சம்பவம், 2018 ஜூன் மாதம் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் நிகழ்ந்தது. மீனவர் ஒருவர் தம் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, இலங்கைப் போராளிகள் இக்கரையில் நடமாடிய 1980-களில் புதைத்தவை என்று கருதப்படும் பெட்டிகள் அகப்பட்டன. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள், கையெறி குண்டுகள், வெடிமருந்துக் கட்டிகள் எல்லாம் துருவும் களிம்புமாய் ஒட்டிக்கிடந்தன. அந்த மீனவர் தாமாகவே காவல்துறைக்குத் தெரிவித்தார் என்பதைப் போற்றவேண்டும். அவர் அப்பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே உள்ளம் நடுங்குகிறது.

அப்படிப் போட்டதன் விளைவை வடநாடு அனுபவித்தது. 2004 செப்டம்பர் 30-ஆம் தேதி, காசியாபாத்தில் உள்ள எஃகுத் தொழிற்சாலை ஒன்றில், மேற்காசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய இரும்போடு வெடிக்காத குண்டுகள் கலந்து வந்து, பத்துத் தொழிலாளரின் உயிரைக் குடித்தன. அதற்குப் பிறகுதான், உடைத்துத் துண்டாக்கப்படாத பழைய இரும்பு எதுவும் வெடிபொருள் கலவாதது என்ற சான்றிதழ் இல்லாமல் கரையிறங்கக்கூடாது என்று சர்க்கார் விதி செய்தது. வெளிநாட்டுக் குப்பைக்கு அந்தக் காவல் உண்டு. அனுமந்தபுரத்துக் காட்டோரத்தில் பொறுக்கிய பித்தளைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

பொறுக்குகிறவர் பேதையாதலால் விபத்து நேர்கிறது, அதிகாரிகள் கையில் இருந்தால் நேராது என்று சமாதானம் சொல்வதற்கும் இடமில்லை. மகாராஷ்டிரத்தில் வார்தாவுக்கு அருகே புல்காவ் என்னுமிடத்தில் ராணுவத்தின் மத்திய வெடிபொருள் கிடங்கு இருக்கிறது. 2016 மே 31-ஆம் தேதி அங்கே பற்றிய தீயில் ராணுவத்தினரும் தீயணைப்பு ஊழியருமாகப் பதினாறு பேருக்கு மேல் மாண்டனர். 2018 நவம்பர் 20-ஆம் தேதி காலையில், அக்கிடங்கை அடுத்த அழிப்பு மைதானத்துக்கு, ஜபல்பூரின் கமரியா தொழிற்சாலையிலிருந்து பழுதான வெடிபொருள் பெட்டிகள் வந்திருந்தன. குழி வெட்டி, அதில் அவற்றை இறக்கி, மண் மூட்டை அடுக்கி, தூரத்திலிருந்து வெடிக்கச் செய்வது அங்கே வழக்கம். குழி வெட்டவும் பெட்டி சுமக்கவும் சுற்றுவட்டாரத்துக் கிராமவாசிகளை ஒப்பந்தக்காரர் தினக்கூலிக்கு அழைத்து வருவதும் வழக்கம். பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கையில் வெடிப்பு நேர்ந்து ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூலியாட்கள். உலகத்திலேயே மிக அபாயகரமான சுமையை, அதைப்பற்றி மிகக் குறைவாக அறிந்தவனுடைய தோளில் ஏற்றிவைக்கும் இந்த ஏற்பாட்டை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

வேறு விதமாகச் செய்யலாம் என்பதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கே முகமாலையில், போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் அகற்றுகிறவர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்களுள் போரில் கணவனைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு முறையான பயிற்சி உண்டு, மாதச் சம்பளம் உண்டு, முகத்துக்குக் கவசம் உண்டு; கோல் நட்டுக் கயிறு கட்டிய எல்லைக்குள் அங்குலம் அங்குலமாக முன்னேறி, கண்டதைப் பதிந்து, அழிப்பதற்கு அதற்கென்று உள்ளவரிடம் ஒப்புவிக்கிறார்கள். பெல்ஜியத்தில் முதல் உலக யுத்தத்தின் குண்டுகள் நூறாண்டு கழிந்தும் உழவர்களின் கலப்பையில் தட்டுப்படுகின்றன. வருஷத்துக்கு நூற்றைம்பது டன்னுக்குக் குறையாமல் கிடைக்கும் அவற்றை உழவர் வயலோரத்தில் விட்டுத் தகவல் சொல்ல, ராணுவத்தின் வண்டி வந்து எடுத்துப்போகிறது. நம் நாட்டிலேயே, காஷ்மீரத்துத் தோசமைதான் புல்வெளியை 1964 முதல் பீரங்கிப் பயிற்சிக்கு வைத்திருந்த ராணுவம், 2014-இல் குத்தகை முடிந்தபோது, வெடிக்காமல் கிடந்த குண்டுகளைத் தேடி அழிக்கத் தனி நடவடிக்கையே மேற்கொண்டது. ஐம்பது ஆண்டு பொறுத்த ஜனங்கள் பலத்த குரல் எழுப்பிய பிறகுதான் அது நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உத்திரமேரூர்க்காரருக்கு இந்த விஷயத்தில் ஒரு பிரத்தியேக உரிமை உண்டென்று நினைக்கிறேன். பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டை ஒட்டி, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய சாசனத்தில் குடவோலைத் தேர்தலை மட்டுமே நாம் மேடைகளில் பேசுகிறோம். அதே சாசனம் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியம் என்று ஒன்றையும் கூறுகிறது. பொன்னை உரைத்து மாற்றுக் கண்டு சொல்வதற்குக்கூட, தெரிந்தவரைத் தேர்ந்து, கணக்குக்குக் கட்டுப்பட்டவராக்கி, ஊரார் நியமித்தார்கள். ஒரு உலோகத்தின் நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற வேலை ஊர்ப் பொறுப்பு என்று அவர்கள் கருதினார்கள். நாமோ உயிரைக் குடிக்கும் உலோகத்தைப் பிரிக்கிற வேலையைச் சாக்குத் தூக்கும் சிறுவனுக்கு விட்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. பீரங்கிப் பயிற்சிக்கு நிலத்தை அறிவிப்பதற்கும், அதனால் விளையும் சேதத்துக்கு நஷ்டஈடு கொடுப்பதற்கும் 1938-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதோடு நின்றுவிடாமல், சுடுகிற படை எத்தனை குண்டு சுட்டது, அதில் எத்தனை வெடித்தது என்ற கணக்கை அன்றைக்கன்றே முடித்து, வெடிக்காததைக் கிடந்த இடத்திலேயே அழித்துவிட்டுத்தான் மைதானத்தைவிட்டு அகல வேண்டும். அந்தக் கணக்கின் பிரதி ஒன்று ஆட்சியருக்கும், சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் போகவேண்டும். காலிக் கூடுகளையும் ஈயத்தையும் பொறுக்குவது ஏழைகளுக்கு வருமானமென்றால், அதை அவர்களுக்கே பயிற்சியும் சம்பளமும் உள்ள வேலையாகப் படையினரின் மேற்பார்வையில் கொடுக்கட்டும். தரம் பிரித்துச் சான்றிட்ட பிறகே உலோகம் உருக்காலைக்குப் போகட்டும்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றி ஒரு தோட்டா வைத்திருப்பதும் குற்றம். ஆகவே சாக்கில் ஒரு தோட்டாவைக் கண்ட கடைக்காரர், ஸ்டேஷனுக்குப் போனால் தம்மீதே வழக்கு வரும், கடை மூடப்படும், ‘எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது’ என்று நாள் கணக்கில் அலைய நேரும் என்று அஞ்சுகிறார். அஞ்சினவர் அதை இருட்டியபின் ஏரியிலோ பாழுங்கிணற்றிலோ போட்டுவிட்டு வருவார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஏரி தூர் வாரும் காலத்தில் அது மறுபடி ஒருவர் மண்வெட்டியில் அகப்படும். அந்த அச்சத்தைப் போக்க, தாமாக முன்வந்து தெரிவிப்பவர் மீது வழக்கு இல்லை என்று ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கையெழுத்திட்ட ஒரு தெளிவான உத்தரவு வேண்டும். உத்திரமேரூர், சாலவாக்கம், மானாமதி என்று எங்கெல்லாம் பழைய இரும்புக் கடை இருக்கிறதோ அங்கெல்லாம் அதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டவேண்டும். எழுத்தின் பக்கத்திலேயே சுட்ட கூடு, சுடாத தோட்டா, வெடிக்காத குண்டு இவற்றின் படமும், ‘தொடாதே, நகர்த்தாதே, ஆளை விலக்கு, 100-க்குப் பேசு’ என்ற நான்கு வார்த்தையும் இருக்கவேண்டும். கிராம சபை கூடும் அடுத்த நாளிலேயே இதைத் தீர்மானமாக எழுதி அனுப்புவதற்கு எந்த ஊராட்சிக்கும் தடை இல்லை.