காட்டாமணக்கு போச்சு, மக்காச்சோளம் வந்துச்சு!
வண்டிக்குத் தீனி போடும் விவசாயிக்கு விலை கொடுப்பது யார்?

பஸ்சுக்காக ரோட்டோரம் புங்கமரத்து நிழலில் நிற்கிறீர்களா? அதை வெறும் நிழல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கொட்டையில் டீசல் இருக்கிறது!

போச்சம்பள்ளியை அடுத்த நாகரசம்பட்டி பக்கம் மானாவாரிக் காடுகள் உண்டு. மழை பெய்தால் நிலக்கடலை, கேழ்வரகு. பெய்யாவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இந்த மாதிரி பூமியைக் குறிவைத்து வந்ததுதான் காட்டாமணக்கு. 2003-ல் மத்திய திட்டக்குழுவின் அறிக்கை அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. "தண்ணி வேணாம், ஆடு மாடு கடிக்காது, தரிசிலேயே வளரும்" என்று ஊர் ஊராகப் பேச்சு. தமிழக அரசும் கடன், மானியம் என்று கை கொடுத்தது. 2006 ஜனவரி முதல் தேதியிலிருந்து பயோ டீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு எண்ணெய்க் கம்பெனிகள் வாங்கும் என்றது மத்திய அரசு.

ஆடு கடிக்கவில்லை, அது நிஜம்!

ஆனால் தண்ணியில்லாமல் செடி உயிரோடு நின்றதே தவிர, சொன்னபடி காய்க்கவில்லை. காய்ப்புக்கு வரவே சுமார் 3 வருஷம். அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? கடலை போட்ட நிலத்தில் இதை வைத்தவருக்குக் கடலையும் போச்சு, கொடியும் போச்சு. மாட்டுக்குத் தீனி ஏது? கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்த ஆய்வு, இந்தச் சாகுபடி கட்டுப்படியாகாது என்று 2010-ல் சொன்னது. 25 ரூபாய்க்கு டீசல் தயாரிக்கவும் கட்டவில்லை. 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்று 2009-ல் போட்ட கணக்கும் காகிதத்தோடு நின்றது.

பெட்ரோல் கதை வேறு. 2025-ல் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. 5 லிட்டர் போட்டால் 1 லிட்டர் எத்தனால்! கரும்பு மட்டுமல்ல, அரிசி, மக்காச்சோளமும் இதற்குப் போகிறது. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் கிடைக்கும். அந்த எத்தனாலுக்கு அரசு வைத்த விலை 2023-24-ல் லிட்டர் 71 ரூபாய் 86 காசு. ஆலைக்காரருக்கு விலை உறுதி.

விவசாயிக்கு?

2025-26-க்கு மக்காச்சோளத்தின் ஆதரவு விலை குவிண்டால் 2,400 ரூபாய். அதே 2025 நவம்பரில், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், சந்தை விலை அதற்கு வெகு கீழே விழுந்து விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். விலை அறிவித்தவர்கள் தராசோடு வரவில்லையே என்பதுதான் அவர்கள் கோபம்.

அதே கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் 2007 முதல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வேறு வழி பார்த்தது. பயிர் நிலத்தைத் தொடாமல், வரப்பிலும் வேலியோரத்திலும் புங்கன். எண்ணெய் டீசலுக்கு, பிண்ணாக்கு வயலுக்கு உரம். பணம் கொட்டாது, ஆனால் கடலைக் காடும் கையைவிட்டுப் போகாது.

அடுத்த முறை கன்றோ விதையோ எடுத்துக்கொண்டு யாராவது ஊருக்குள் வந்தால், மானியம் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்கலாம். "காய்ச்சா யார் எடுப்பாங்க, எங்கே எடை போடுவீங்க, பணம் எத்தனை நாளில்?" இதற்குப் பதில் முதலில் எழுத்தில் வரட்டும்!