கடலுக்கு அடியில் கரியமில வாயு

சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் அழுத்தி அடைத்த கரியமில வாயு வெளியேறுவதே அதற்குக் காரணம். அதே வாயுவைக் கடலுக்கு அடியிலுள்ள பாறையில் அடைத்து வைக்க முடியுமா? முடியும். நார்வே நாட்டில் 1996-ஆம் ஆண்டிலேயே இந்த வேலை தொடங்கிவிட்டது.

வட கடலில் ஸ்லைப்னர் என்னும் இயற்கை வாயு வயல் இருக்கிறது. அங்கே கிடைக்கும் வாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருக்கிறது. அதை 2.5 சதவீதத்திற்குக் குறைத்தால்தான் இயற்கை வாயுவை விற்க முடியும். பிரித்தெடுத்ததைக் காற்றில் விட்டுவிடலாமே என்கிறீர்களா? அவ்வாறு விடுவதற்கு நார்வே அரசு 1991-இல் வரி விதித்தது. ஆகவே எண்ணெய் நிறுவனம் அதைப் புதைத்துவிட முடிவு செய்தது.

அமீன் என்னும் கரைசல் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். சூடேற்றினால் திரும்ப வெளிவிடும். இப்படிப் பிரித்த வாயுவை அழுத்தி, கடலடித் தரைக்கும் கீழே ஏறக்குறைய 800 மீட்டர் ஆழத்திலுள்ள மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். மணற்பாறையின் நுண்துளைகளில் வாயு தங்குகிறது. அதன் மேலுள்ள களிப்பாறை மூடிபோல் அதைத் தடுத்து நிறுத்துகிறது. ஒலி அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்து வருவதைக் கொண்டு வாயு எங்கே பரவியிருக்கிறது என்று கண்காணிக்கிறார்கள்.

அப்படியானால் எண்ணெய் நிறுவனங்களால் பூமி சூடாவது நின்றுவிடுமா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கிணற்றிலிருந்து 100 லிட்டர் வாயு வருவதாகக் கொள்வோம். அதில் 9 லிட்டர் கரியமில வாயு. மீதி 91 லிட்டரும் மீதேன் என்று வைத்துக்கொள்வோம். புதைக்கப்படுவது சுமார் 7 லிட்டர். ஒரு லிட்டர் மீதேன் எரிந்தால் ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும் அல்லவா? ஆகவே வீடுகளிலும் ஆலைகளிலும் எரிந்த பின் காற்றில் சேருவது 91 லிட்டர். பிரிக்காமல் விட்ட 2 லிட்டரையும் கூட்டினால் 93. புதைந்தது 7, காற்றில் கலந்தது 93! வாயுவை எரிப்பதைக் குறைத்துக் காற்று, சூரிய ஒளி ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறுவதே முதல் வேலை என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்படியென்றால் புதைக்கும் கலை வீணா? இல்லை. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்க வேண்டும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் முழுதும் சிதைந்தால் 44 கிலோ கரியமில வாயு வெளிவரும். சூரிய வெப்பத்தால் சூடாக்கினாலும் இது வந்தே தீரும். நார்வேயின் பிரேவிக் நகரிலுள்ள சிமெண்டு ஆலையில் பிடித்த வாயுவைக் கப்பலில் கொண்டுபோய், 2025 ஆகஸ்டில் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். அதைச் செய்வது எண்ணெய் நிறுவனங்களின் கூட்டு அமைப்பே. பாறையைத் துளைத்து எண்ணெய் எடுக்கக் கற்ற திறமை, பாறைக்குள் வாயுவைத் திருப்பி வைக்கவும் உதவுகிறது.

44 கிலோ என்ற கணக்கு எப்படி வந்தது? கால்சியம் கார்பனேட்டின் வாய்பாட்டை எழுதி நீங்களே கண்டுபிடியுங்கள்.