டிப்ளமோ முடித்தவருக்கு பி.இ. இரண்டாம் ஆண்டு

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிள்ளையைப் பார்த்து, "ப்ளஸ் டூ படிக்க வைக்காம விட்டுட்டீங்களே" என்று அங்கலாய்க்கும் உறவினர் ஒருவராவது எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்குச் சொல்ல ஒரு சின்னக் கணக்கு போதும். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு ஆண்டு, பி.இ. நான்கு ஆண்டு; மொத்தம் ஆறு. டிப்ளமோ மூன்று ஆண்டு, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்து மூன்று ஆண்டு, அதுவும் ஆறுதான். நடுவில் வீட்டு நிலைமை மாறிப் படிப்பு நின்றுபோனால், டிப்ளமோ பிள்ளையின் கையில் வேலைக்குப் போக ஒரு சான்றிதழாவது இருக்கும். ப்ளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி வேலை கேட்க முடியாது.

இந்த வழிக்கு லேட்டரல் என்ட்ரி என்று பெயர். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேர்வார்கள். அங்கே எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் செல்லும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பாதி கிரெடிட் வீணாய்ப் போனவர்களும் உண்டு. நம் ஊரில் அந்தத் தொல்லை இல்லை. முதலாண்டு முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறார்கள். பட்டத்துக்கான சராசரி மதிப்பெண்ணும் மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் கணக்காகும்.

ஒவ்வொரு கல்லூரியிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 10 சதவீதம் டிப்ளமோ முடித்து வருகிறவர்களுக்கென்று உண்டு. முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இவர்களுக்கு வரும். கலந்தாய்வைப் பல ஆண்டுகளாகக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. பி.எஸ்சி. பட்டதாரிகளும் இதில் விண்ணப்பிக்கலாம். பள்ளியில் கணக்குப் படித்திருக்க வேண்டும். திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் ஆரணி தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பர்கூரில் ஓர் அரசு பொறியியல் கல்லூரி. ஊரை ஒட்டியே தனியார் கல்லூரிகளுக்கும் குறைவில்லை.

சேர்வது சுலபம். உள்ளே போன பிறகு வருகிற கணக்குதான் பெரிய தலைவலி. டிப்ளமோவில் கணக்குப் பாடம் முதலாண்டோடு முடிந்துவிடும். அடுத்த இரண்டு ஆண்டும் லேத், சர்வே, சர்க்யூட் என்று போகும். பிறகு பி.இ. மூன்றாம் செமஸ்டரில் மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் முன் எம்-3 என்கிற கணக்குப் பேப்பர் வந்து நிற்கும்: ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். உடன் படிப்பவர்கள் ப்ளஸ் டூவிலும் முதலாண்டின் இரண்டு செமஸ்டரிலும் தொடர்ந்து கணக்குப் போட்டுக் கை பழகியவர்கள். இவருக்கு இரண்டு வருட இடைவெளி. ஆகவே முதல் அரியர் பெரும்பாலும் இந்தப் பேப்பரில்தான் விழுகிறது.

ஆனால் பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. ஃபூரியர் தொடரில் கெழுக்களைக் கண்டுபிடிக்கும்போது திரும்பத் திரும்ப வருவது, எக்ஸ் ஸ்கொயரை சைன் என்எக்ஸ்-ஆல் பெருக்கித் தொகையிடுவது போன்ற வேலைதான். அதற்குப் பெர்னூலி சூத்திரம் போதும்: ஒன்றை வகையிட்டுக்கொண்டே போ, இன்னொன்றைத் தொகையிட்டுக்கொண்டே போ, ப்ளஸ் மைனஸ் மாற்றி மாற்றிப் போடு. அது டிப்ளமோ முதலாண்டுக் கணக்கிலேயே வந்துபோனதுதான். கடைசி செமஸ்டர் தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் கிடைக்கும் வாரங்களில் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து வகையீடு, தொகையீடு இரண்டையும் மட்டும் போட்டுப் பாருங்கள். வொர்க்‌ஷாப்பிலும் லேபிலும் டிப்ளமோ பிள்ளைகள் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்தது பணம். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவையுங்கள். கலந்தாய்வில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடைக்காது. கடைசி செமஸ்டர் நேரத்தில் பாலிடெக்னிக் வாசலில் நின்று "இப்பவே அட்வான்ஸ் கட்டுங்க, சீட் போயிடும்" என்று அவசரப்படுத்தும் ஏஜெண்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள். நிரம்பாத இடங்களும் கலந்தாய்வுக்கு வருவதால், அப்படி ஓடிப்போகிற சீட் அனேகமாக எதுவும் இல்லை. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். நேரில் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸ் போக வேண்டி வந்தால், வெளியூரிலிருந்து வருபவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஏறி இறங்குவதற்கே பாதி நாள் போய்விடும்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நடப்பவை வேறு. 1995-இல் புதுச்சேரியில் தொடங்கி இங்கும் பரவிய அவை, குறுகிய காலத்தில் ஒரு தொழில் கற்றுத்தந்து வேலைக்கு அனுப்புவதற்கானவை. பெயர் அமெரிக்கக் கல்லூரியைப் போல இருந்தாலும், அந்த ஓராண்டு டிப்ளமோவைக் காட்டி பி.இ. இரண்டாம் ஆண்டில் இடம் கேட்க முடியாது. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு வழி உண்டு: பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. மற்றவர்களைவிட ஒரு வருடம் கூடுதலாகும்.

வேலையா படிப்பா என்ற கேள்வி செய்யாறு சிப்காட் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது அடிக்கடி வருகிறது. கையில் சம்பளம் வருகிறது, வீட்டில் கடன் இருக்கிறது என்றால் வேலைக்குப் போவதைக் குறை சொல்ல முடியாது. பிறகு படிக்கவும் பகுதி நேர பி.இ. உண்டு, மாலை வகுப்பு, மூன்றரை ஆண்டு. ஆனால் அது கோவை, சேலம் போன்ற ஊர்களின் சில கல்லூரிகளில்தான் நடக்கிறது. செய்யாறில் ஷிப்ட் முடித்துவிட்டு அங்கே வகுப்புக்குப் போக முடியாது. வேலையையே அந்த ஊர்ப் பக்கம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.