தலைமுறைக்குத் தலைமுறை பருக்கும் கார்

1994-இல் ஜப்பானில் டொயோட்டா ராவ்-4 அறிமுகமானபோது, அதன் மூன்று கதவு மாடலின் நீளம் சுமார் 3.7 மீட்டர்தான். 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 135 குதிரைத்திறன். நகரத்துச் சந்துகளில் சுலபமாகத் திரும்பும். மண் பாதைக்கும் அஞ்சாது.

2018-இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறையின் நீளம் 4.6 மீட்டர். அதன் பிளக்-இன் ஹைப்ரிட் மாடலுக்கு 302 குதிரைத்திறன்! முதல் வண்டிகள் இரண்டைச் சேர்த்தாலும் அந்தத் திறன் வராது.

ஏன் இந்த வளர்ச்சி? வாங்குபவர்கள் பின்சீட்டில் கால் நீட்ட இடமும் விசாலமான டிக்கியும் கேட்கிறார்கள். மோதல் சோதனைகள் கடுமையாக, உடற்கூடும் தடித்தது. எடை கூடினால் பழைய வேகத்துக்கே கூடுதல் திறன் வேண்டும்.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. ராவ்-4 பெருமளவில் விற்கும் அமெரிக்காவில், எரிபொருள் சிக்கன இலக்கு நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பைப் பொறுத்தது. பரப்பு கூடினால் இலக்கு தளரும். சிக்கனத்துக்காக வந்த விதியே பெரிய காருக்குச் சலுகை தருவது வருந்தத்தக்கது.

ராவ்-4 விட்டுப்போன இடத்துக்கு டொயோட்டாவே 2020-இல் யாரிஸ் கிராஸைக் கொண்டுவந்தது. 'சின்ன' எஸ்யூவியான அதுவும் 1994-இன் ராவ்-4ஐவிட ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் அதிகம்.