கண் சொல்லும் வேகமும் ரயிலின் வேகமும்

வாளையாரிலும் கஞ்சிக்கோட்டிலும் ஆலை வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு ரயில் பாதை புதிய சமாசாரம் அல்ல. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டால் சுற்று வழியில் போக யாருக்கும் மனம் வருவதில்லை. கையில் சாப்பாட்டுத் தூக்கு. கோவைப் பக்கம் ஒரு பார்வை, பாலக்காட்டுப் பக்கம் ஒரு பார்வை. "தூரத்தில்தானே வருகிறது" என்று சொல்லிக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

இப்படி இறங்குகிறவர் எல்லோரும் குடித்தவரும் அல்ல, காது கேளாதவரும் அல்ல. ரயில் வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பார்த்த பிறகும் ஒருவர் அடிபடுவது எப்படி? அசட்டுத் துணிச்சல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம் வழக்கம். மனோதத்துவ நிபுணர்கள் சொல்லும் காரணம் வேறு. அந்த மனிதருடைய கண்ணே அவருக்குத் தப்புக் கணக்குக் கொடுத்துவிடுகிறது என்கிறார்கள்.

பெரியது மெதுவாகத் தோன்றும்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ். கண் பார்ப்பதற்கும் மனிதன் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர். விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களைப் பார்க்கையில் அவருக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. பெரிய ஜெட் விமானம் சிறிய விமானத்தைவிட வேகமாகத்தான் இறங்குகிறது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது மிதந்து வருவது போல் இருக்கிறது. உருவம் பெரிதானால் வேகம் குறைவாகத் தோன்றும் என்பதை ரயிலுக்குப் பொருத்தி, 1985-ல் லெவல் கிராசிங் விபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2013-ல் நியூஸிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தினர் ரயிலையும் மோட்டார் காரையும் திரையில் ஓடவிட்டுப் பலரைச் சோதித்தார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தபோதும், ரயில்தான் மெதுவாக வருவதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது.

கடுகு, மிளகு, கடலை

இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். என்ஜினின் முகம் சுமார் 3 மீட்டர் அகலம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம்; விநாடிக்கு 28 மீட்டர் ஆகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அந்த என்ஜின், கையை நீட்டிப் பிடித்த கடுகு அளவுதான் தெரியும். அரை கிலோமீட்டருக்கு வரும்போது மிளகு. இதற்குள் 18 விநாடி போய்விடுகிறது. அடுத்த 9 விநாடியில் 250 மீட்டருக்கு வந்து, கொண்டைக்கடலை அளவாகிறது. அதன் பிறகு நாலரை விநாடியில் இன்னும் ஒரு மடங்கு பெருத்துவிடும்.

ஒரு பொருள் நம்மை நோக்கி நேராக வரும்போது, அதன் உருவம் எத்தனை சீக்கிரம் பெருக்கிறது என்பதைக் கொண்டே எஞ்சிய நேரத்தைக் கணிக்க முடியும் என்று எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் லீ 1976-ல் விளக்கினார். கார் ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிப்பதைப் பற்றி அவர் எழுதியது அது. மீனுக்காகக் கடலில் பாயும் பறவை, தண்ணீரைத் தொடும் முன் சிறகை மடக்கும் நேரத்தையும் பின்னர் இதே வழியில் ஆராய்ந்தார்.

பறவைக்கு உதவும் இந்தக் கணக்கு தண்டவாளத்தில் நிற்கிறவருக்கு நேரத்தில் உதவுவதில்லை. கடுகு மிளகாவது கண்ணுக்குப் புலப்படாது. ரயில் நின்ற இடத்திலேயே நிற்பது போல் இருக்கும். கடலைக்குப் பிறகுதான் திடுமென்று பாய்ந்து வருவது தெரியும். இரவில் இன்னும் மோசம், தெரிவது ஒரு விளக்குப் புள்ளி மட்டுமே. நீராவி என்ஜின் காலத்தில் மூச்சிரைப்பாவது வெகு தூரம் கேட்டது. மின்சார என்ஜினுக்கு அந்தச் சத்தமும் கிடையாது.

ஸ்டேஷனை ஒட்டி இரண்டு பாதைகளைச் சேர்த்துக் கடந்தால் சுமார் 10 மீட்டர். ஜல்லியில் கால் வைத்து நடக்கிறவருக்கு 8 விநாடிக்குக் குறையாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடப்பவர், தலைச்சுமை உள்ள பெண்பிள்ளை ஆகியோரின் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம். டிரைவர் பிரேக் போட்டாலும் வண்டி பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

வடாலாவில் பூசிய மஞ்சள்

இந்த ஆராய்ச்சியை நம் நாட்டிலேயே ஒரு ஸ்டேஷனில் செய்து பார்த்தார்கள். பம்பாய்த் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த வடாலாதான் அது. பைனல்மைல் என்ற நிறுவனம் 2010 வாக்கில் மத்திய ரயில்வேயுடன் சேர்ந்து மூன்று காரியங்கள் செய்தது. தண்டவாளத்தின் அடியில் உள்ள கட்டைகளில் இடைவெளி விட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். ரயில் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கி வரும்போது வேகம் கண்ணுக்குத் தெரியும். நீண்ட விசிலுக்குப் பதில் இரண்டு குட்டை விசில். பிறகு, ரயில் மேலே வந்துவிட்ட ஒரு மனிதனின் அலறும் முகத்தைப் பெரிய படமாக மாட்டினார்கள். எச்சரிக்கைப் பலகையில் எழுத்தைப் படிக்க யாரும் நிற்பதில்லை. முகத்தைப் பார்க்காமல் போகிறவரும் இல்லை.

அங்கே மரணங்கள் வெகுவாகக் குறைந்ததாகச் செய்திகள் வந்தன. ஒரு ஸ்டேஷனில் நடந்ததை வைத்து எல்லா இடத்துக்கும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் எத்தனை பெரிய செலவு ஆகிவிட்டது, எல்லா இடத்திலும் செய்து பார்க்காமல் இருப்பதற்கு?

யானைக்குக் காமிரா

வாளையார் ரயில் பாதை என்றால் ஊரார் நினைப்பது யானையைத்தான். 2021 நவம்பர் 26 அன்று இரவு நவக்கரை அருகே மங்களூர் - சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைக் காட்டில் 12 கோபுரங்களில் 24 காமிராக்களை வைத்து, 2024 பிப்ரவரியில் இயக்கத் தொடங்கியது. இருட்டிலும் யானையின் உடல் சூட்டைக் கண்டு, ரயில்வேக்குத் தகவல் போகிறது. நல்ல காரியம். யானையின் கண்ணை நம்பி இருக்க முடியாது என்பதை அதிகாரிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

மனிதன் விஷயத்தில் மட்டும் பழைய ஏற்பாடுதான். தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம் என்று பலகை இருக்கிறது. கட்டைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கான்கிரீட். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வழக்கம் போல் தூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள். கடுகு தெரிந்தால் இறங்குகிறார்கள். மிளகாகத் தெரிந்தாலும் இறங்குகிறார்கள்.