உலோகமும் ஊரும் – 9: மேட்டூர் உலை ஏன் அணைந்தது?

வெள்ளகோவிலில் தறிக்கூடம் வைத்திருப்பவர் யாரிடமும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். யூனிட் விலையை விரல் நுனியில் வைத்திருப்பார். விசைத்தறிக்கு அரசு தரும் இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். ஒரு டன் அலுமினியம் எடுக்கவோ ஏறத்தாழ 14,000 யூனிட் வேண்டும். ஒரு தறிக்கூடத்தின் இரண்டேகால் ஆண்டுக்கும் மேற்பட்ட சலுகை முழுவதும் ஒரே டன்னுக்குள் கரைந்துவிடும்.

நான்கு டன் பாக்சைட் தாதுவிலிருந்து இரண்டு டன் அலுமினா கிடைக்கும். அதை சுமார் 950 டிகிரி சூட்டில் உருகிய கிரையோலைட்டில் கரைத்து, இடைவிடாமல் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு டன் உலோகம். சில மணி நேரம் மின்சாரம் நின்றாலே தொட்டிக்குள் எல்லாம் உறைந்து இறுகிவிடும். உற்பத்திச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்துக்கே போய்விடுகிறது. மலிவான மின்சாரம் இல்லாத ஊரில் இந்தத் தொழில் நிலைப்பதில்லை.

இதற்கு நம் பக்கத்துச் சாட்சி மேட்டூர். அணை மின்சாரம் அருகில். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட். இவற்றை நம்பித்தான் இத்தாலியின் மாண்டேகாட்டினி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ, தொடங்கப்பட்டது. 1965இல் உற்பத்தி ஆரம்பமானது. மின் தட்டுப்பாடும் கட்டண உயர்வும் சேர்ந்து அதை நலிந்த ஆலையாக்கின. 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் வாங்கியது. சொந்த அனல் மின்நிலையமும் கட்டியது. ஆனால் நிலக்கரி வெளியிலிருந்து வர வேண்டும். 2008இல் மலைகளில் பாக்சைட் வெட்டுவதும் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் 3,000 டாலரைத் தாண்டியிருந்த அலுமினியத்தின் டன் விலை, டிசம்பரில் 1,500 டாலரைச் சுற்றி வந்தது. உலை அணைந்தது. மின்நிலையம் மட்டும் மின்சாரம் விற்கும் தொழிலாகத் தொடர்ந்தது. அலுமினியம் ஆக்குவதைவிட மின்சாரத்தை விற்பதே லாபம் என்றானது.

இன்று இந்தியா ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் எடுக்கிறது. சீனாவுக்கு அடுத்த இடம். உலைகளில் பெரும்பாலானவை ஒடிசா, சத்தீஸ்கர் என நிலக்கரி கிடைக்கும் மாநிலங்களில். அந்தச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் மின்தடம் போட்டு மின்சாரம் வாங்குகிறோம் நாம். இந்த நிலையில் தமிழ்நாட்டில் புதிய உலை என்பது வீண் கனவு.

ஆனால் அலுமினியத்தை மறுபடி உருக்க, புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் போதும். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட்டை ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் நூலாக்குவதைப் போன்ற தொழில் இது. கோவையின் பம்பு, மோட்டார் வார்ப்புகளுக்கும், ஓசூர், சென்னை வாகன உதிரிபாகங்களுக்கும் இப்படி உருக்கிய உலோகமே பெருமளவு போகிறது. 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி அலுமினியத்தின் கரியுமிழ்வுக்கும் விலை வைக்கிறது. புதிதாக எடுத்த உலோகத்துக்கு அது சுமை; மறுபடி உருக்கியதற்கு அது வாய்ப்பு.

ஆனாலும், உருக்குவதற்கான பழைய அலுமினியத்தில் பெரும்பங்கை நாம் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறோம். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் பாத்திரமும் ஜன்னல் சட்டமும் இன்ஜின் உறையும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. கலவை தெரியாத சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது. தரம் பிரிக்கும் கூடங்களும் கலவையைச் சோதிக்கும் கருவிகளும் சிட்கோ தொழிற்பேட்டைகளுக்கு வர வேண்டும். இன்னொரு மேட்டூர் உலைக்காகக் காத்திருக்காமல், அரசு இதற்குப் பணம் ஒதுக்கட்டும்.

(தொடரும்)