லிங்க்ட்இன் தளத்தில் உங்கள் தொழிலுக்கு ஆர்டர் தேடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்ட சிறு தொழில் செய்வோர் பலருக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. "பேஸ்புக்கில் பக்கம் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறேன். லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லையே" என்பார்கள். காரணம் எளிது. அவர்களின் சரக்கை வாங்க வேண்டியவர் அங்கே வாங்கும் எண்ணத்தில் வருவதில்லை. பெரிய நிறுவனத்தில் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர் பேஸ்புக்கில் பேரனின் போட்டோவைத்தான் பார்ப்பார். அவரை அவருடைய வேலையின் பெயரால் தேடிப் பிடிக்கக் கூடிய இடம் வேறு. அதுதான் லிங்க்ட்இன்.

உளுந்தூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சேலம் சாலை பிரியும் ஊர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தைவான் நாட்டின் பௌ சென் குழுமம், இங்குள்ள சிப்காட் வளாகத்தில் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் காலணி ஆலை அமைக்கத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 20,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. நைக்கி, அடிடாஸ் போன்ற பிராண்டுகளுக்கு ஷூ தயாரித்துக் கொடுக்கும் குழுமம் இது.

இப்படி ஒரு ஆலை வருகிறது என்றால், சுற்றுவட்டாரத்தில் அட்டைப்பெட்டி செய்பவர், மரப் பேலட் அடிப்பவர், யூனிபார்ம் தைப்பவர், வேன் வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். யாரைப் போய்ப் பார்ப்பது? கேட்டில் செக்யூரிட்டியிடம் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தால் அது எந்த மேசைக்கும் போய்ச் சேராது. முடிவெடுப்பவர் சென்னையில் இருக்கலாம், தைவானிலேயே இருக்கலாம்.

லிங்க்ட்இன் தளம் 2003 மே மாதம் தொடங்கப்பட்டது. 2016இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 நவம்பரில் உறுப்பினர் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. இவர்களில் பலர் வேலை தேட வந்தவர்கள். ஆனால், வேலை தேடுவதற்காக ஒவ்வொருவரும் தம் பெயர், பதவி, நிறுவனம், ஊர் ஆகியவற்றைத் தாமே எழுதி வைத்திருக்கிறார்கள் அல்லவா? சரக்கு விற்பவருக்குத் தேவையானதும் அதுதான்.

சேர்வது எப்படி?

பிரவுசரில் லிங்க்ட்இன்.காம் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். "ஜாயின் நவ்" என்பதில் கிளிக் செய்து இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் தரவும். இமெயிலுக்கு வைத்திருக்கும் பாஸ்வேர்டையே இங்கும் தந்துவிடாதீர்கள். 2012இல் இத்தளத்திலிருந்து திருடப்பட்ட பாஸ்வேர்ட்கள் 65 லட்சம் என்று முதலில் தெரிந்தது. 2016இல் பார்த்தால் அந்தக் கணக்கு 10 கோடியைத் தாண்டிவிட்டது.

அடுத்து, உங்கள் இமெயிலில் உள்ள முகவரிகளை எல்லாம் கொண்டு வரட்டுமா என்று தளம் கேட்கும். "ஸ்கிப்" அழுத்திக் கடந்துவிடுங்கள். அனுமதித்தால் பால்காரர் முதல் பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் உங்கள் பெயரில் அழைப்பு போய்விடக்கூடும். அமெரிக்காவில் இப்படி மீண்டும் மீண்டும் நினைவூட்டல் மெயில் போனதற்காக வழக்கு நடந்து, 2015இல் லிங்க்ட்இன் 1.3 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இப்போது உங்கள் புரபைல். பெயருக்குக் கீழே "ஹெட்லைன்" என்ற ஒரு வரி இருக்கும். 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. பலர் இதில் "புரொப்ரைட்டர்" என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். தேடுபவர் யாரும் புரொப்ரைட்டரைத் தேடுவதில்லை, பெட்டியைத் தேடுகிறார். அதுவும் ஆங்கிலத்தில் தேடுகிறார். எனவே, 3 ப்ளை, 5 ப்ளை கார்ருகேட்டட் பாக்ஸ் மேனுபேக்சரர், உளுந்தூர்பேட்டை, தமிழ்நாடு என்ற சொற்களை ஆங்கிலத்திலேயே அந்த வரியில் போடுங்கள். "அபவுட்" பகுதியில் வசனம் வேண்டாம். மெஷின் என்ன, மாதம் எத்தனை பெட்டி தர முடியும், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, ஜி.எஸ்.டி. மற்றும் உத்யம் பதிவு உண்டா என்பவற்றை எழுதவும். சென்னை சுமார் 200 கிமீ, சேலம் 136 கிமீ என்று எழுதினால் நெடுஞ்சாலைச் சந்திப்பில் இருப்பதன் லாபம் வாங்குபவருக்குப் புரியும். லாரி வாடகைதான் அட்டைப்பெட்டி வியாபாரத்தின் உயிர்.

கம்பெனி பக்கமும் வேண்டும். மேலே வலது பக்கம் உள்ள "ஃபார் பிசினஸ்" மெனுவைத் திறந்து, கடைசியாக இருக்கும் "கிரியேட் எ கம்பெனி பேஜ்" என்பதில் கிளிக் செய்திடவும். கட்டணம் இல்லை. ஆனால், இந்தப் பக்கம் கடையின் போர்டு மாதிரிதான். வந்தவர் நம்புவதற்கு உதவும். ஆளைக் கூட்டி வராது. கூட்டி வருவது உங்கள் சொந்தப் பெயரில் உள்ள புரபைல். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பக்கத்தை அலங்கரிப்பதிலேயே மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள்.

யாரைத் தேடுவது?

மேலே உள்ள தேடல் கட்டத்தில் பர்ச்சேஸ் மேனேஜர், புட்வேர் என்ற சொற்களை ஆங்கிலத்தில் தந்து என்டர் தட்டி, "பீப்பிள்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். லொகேஷன் பிரிவில் தமிழ்நாடு என அமைக்கவும். இன்னொரு வழி, அந்த நிறுவனத்தின் பக்கத்திற்கே போய் அங்குள்ள "பீப்பிள்" டேபினைத் திறப்பது. இலவசக் கணக்கில் ஒரு மாதத்தில் இவ்வளவுதான் தேடலாம் என ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம் முதல் தேதிவரை பொறுக்க வேண்டும். பணம் கட்டச் சொல்லும் பிரிமியம் விளம்பரம் வரும். ஆரம்பத்தில் அது தேவையே இல்லை.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 1, 2, 3 என எண் காட்டப்படும். 1 என்றால் உங்களுடன் நேராக இணைந்தவர். 2 என்றால் உங்களுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். இந்த 2தான் தங்கம். நடுவில் இருப்பவர் யார் என்பதையும் தளமே "மியூச்சுவல் கனெக்ஷன்" எனக் காட்டிவிடும். உடனே அந்த மேனேஜருக்குத் தட்டிவிடாதீர்கள். நடுவில் உள்ளவருக்குப் போன் செய்து, "அண்ணே, அவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். நம் ஊரில் கல்யாணத் தரகு முதல் கடன் வாங்குவது வரை நடக்கும் அதே வழிதான். இங்கே தரகர் யார் என்பதைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது, அவ்வளவே.

நெருங்கிய நண்பர்களை விடத் தூரத்துப் பழக்கம்தான் இதற்குப் பயன்படும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இலேயே இதைச் சொன்னார். 2 கோடி லிங்க்ட்இன் உறுப்பினர்களை 5 ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளியான ஆய்வும், வேலை கிடைப்பதில் ஓரளவு தூரத்துப் பழக்கமே அதிகம் உதவுகிறது என்று காட்டியது. காரணம், நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். தூரத்துப் பழக்கத்தைத் தேட நல்ல இடம் நீங்கள் படித்த கல்லூரியின் பக்கம். உதாரணமாக, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால் அதன் பக்கத்தில் "அலும்னி" டேபினைத் திறக்கவும். பழைய மாணவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும்.

நடுவில் யாருமே இல்லை என்றால், "கனெக்ட்" அழுத்தும்போது "ஆட் எ நோட்" என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு குறிப்பு அனுப்புங்கள். இலவசக் கணக்கில் இப்படிச் சில குறிப்புகளே மாதத்திற்கு அனுமதி; ஒவ்வொன்றும் 200 எழுத்துக்குள். தமிழில் எழுதினால் "கி" என்பது கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு எழுத்து என்பதை நினைவில் வையுங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். உளுந்தூர்பேட்டையில் 5 ப்ளை பெட்டி தயாரிக்கிறோம். சிப்காட்டிலிருந்து 6 கிமீ. உங்கள் ஆலைக்குப் பேக்கிங் பொருட்கள் வாங்கும் பிரிவு எது எனத் தெரிவிக்க முடியுமா?" இதில் ஆர்டர் கேட்கவில்லை பாருங்கள். வழி கேட்கிறோம். வழி சொல்ல யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. முதல் மெசேஜிலேயே விலைப்பட்டியல் அனுப்புபவருக்குத்தான் பதில் வருவதில்லை.

ஒரு எதார்த்தத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பிராண்டுகளின் ஷூவுக்கு வேண்டிய சோல், துணி, லேஸ் போன்றவை பெரும்பாலும் பிராண்டு ஒப்புதல் தந்த சப்ளையரிடமே வாங்கப்படும். உள்ளூர்க்காரர் எளிதில் நுழையக் கூடிய இடம் கேன்டீன், வாகனம், யூனிபார்ம், பேலட், பராமரிப்பு வேலை போன்றவைதான். அந்தப் பிரிவின் பெயர் "அட்மின்" அல்லது "பெசிலிட்டிஸ்" என இருக்கும். பர்ச்சேஸ் என்று மட்டும் தேடினால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

ஆலைக்கு விற்பவருக்கு மட்டுமல்ல. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு பூஜையறைக்கு ஒரு சிலை வாங்குபவர் நேரில் வருவார். ஆனால் ஹோட்டல் வரவேற்பறைக்கு ஆளுயரச் சிற்பம் கேட்பவர் இன்டீரியர் டிசைனர். அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். லிங்க்ட்இன்னில் தன் வேலைகளைப் படம் படமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். சிற்பி செய்ய வேண்டியது, மரத்துண்டு சிலையாக மாறும் நிலைகளை நான்கைந்து படங்களாக எடுத்து, அளவும் ஆன நாட்களும் குறிப்பிட்டு வாரம் ஒரு பதிவு போடுவது. புவிசார் குறியீட்டை உங்கள் பெயரோடு சேர்த்துப் போடும் முன் அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளவும்.

மளிகைக் கடை, சலூன், டிபன் கடை வைத்திருப்போர் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவர்களுக்குக் கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும், வாட்ஸ்அப் பிசினஸும் போதும்.

மோசடி வருமா?

வரும். 2022இல் அமெரிக்காவின் எப்.பி.ஐ. அதிகாரி ஒருவரே, இத்தளத்தில் போலிப் புரபைல் மூலம் கிரிப்டோ முதலீட்டுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று எச்சரித்தார். சிறு சப்ளையரைக் குறிவைக்கும் வலை வேறு மாதிரி இருக்கும். "எங்கள் கம்பெனியில் வெண்டராகப் பதிவு செய்ய 15,000 ரூபாய் கட்டுங்கள், பெரிய ஆர்டர் தயார்" என்று ஒரு மெசேஜ் வரலாம். ஆர்டர் தருகிறேன் என்பவர் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவருடைய இமெயில் முகவரி நிறுவனத்தின் பெயரில் முடிகிறதா, ஜிமெயிலில் முடிகிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள போன் எண்ணுக்கு நீங்களே அழைத்து, அப்படி ஒருவர் அங்கு இருக்கிறாரா எனக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கவும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.